டிராக்டர், டிப்பர் ஹைட்ராலிக் அமைப்பு: உப்புக் காற்று வீசும் ஊர்களில் கவனிக்க வேண்டியவை

தூத்துக்குடிக்கு வடக்கே கடற்கரையில் உள்ள ஊர் தருவைகுளம். கிழக்கே மீன்பிடிப் படகுகள், ஊரைச் சுற்றி உப்பளங்கள், மேற்கே போகப் போக ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் மானாவாரி நிலம். இந்தத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஓடுவது டிராக்டர். புரட்டாசியில் உளுந்து, பாசிப்பயறு, சோளம், மக்காச்சோளம், பருத்தி விதைக்கக் கரிசலை உழுகிற வண்டியே, கோடையில் டிப்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வரப்புக்கு மண் அடிக்கவும் உப்பு இழுக்கவும் போகிறது.

கலப்பையைத் தூக்கி இறக்குவதும், டிரெய்லர் தொட்டியைச் சாய்த்துக் கொட்டுவதும் ஹைட்ராலிக் அமைப்பின் வேலை. என்ஜினுக்கு ஆயில் மாற்றுவதிலும், ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பதிலும் விவசாயிகளுக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. ஆனால் ஹைட்ராலிக் பற்றிய நினைவு பெரும்பாலும் ‘லிஃப்ட் தூக்கவில்லை’ என்ற அன்றுதான் வருகிறது. விதைப்பு ஈரம் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும் மானாவாரி நிலத்தில், அந்த ஒரு நாள் பழுது ஒரு பருவத்தையே பாதிக்கும். கடலோர ஊர்களில் இந்தப் பழுது மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வருகிறது. கவனக் குறைவினால் உயிருக்கும் ஆபத்து உண்டு. ஆகவே இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது, எதனால் கெடுகிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

ஆழமும் அழுத்தமும்

முத்துக் குளித்தல் இந்தக் கரையின் பழைய தொழில். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடலில் மூழ்கும்போது காதில் வலி எடுப்பதை அவர்கள் அறிவார்கள். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த வலி குறைவதில்லை. ஏனென்றால் நீரின் அழுத்தம் மேலிருந்து மட்டும் வருவதன்று. எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் வருகிறது. சுமார் 10 மீட்டர் ஆழத்திற்கு ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பின் மீதும் 1 கிலோ வீதம் அழுத்தம் கூடுகிறது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் (1623–1662) விளக்கினார். இதை வைத்து இங்கிலாந்தின் ஜோசப் பிராமா என்பவர் 1795ல் நீர் அழுத்த இயந்திரத்திற்கு உரிமம் பெற்றார். பருத்தியைச் சிப்பமாக அமுக்கும் பெரிய அழுத்த இயந்திரங்களும், லாரியைத் தூக்கும் ஜாக்கியும், டிப்பரும் இதே தத்துவத்தில் இயங்குபவைதான்.

ஜாக்கியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு சிறு பிஸ்டனும் ஒரு பெரிய பிஸ்டனும் உள்ளன. சிறியதன் பரப்பு 1 சதுர செ.மீ., பெரியதன் பரப்பு 100 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சிறிய பிஸ்டனை 10 கிலோ பலத்துடன் அமுக்கினால் பெரிய பிஸ்டன் 1,000 கிலோவைத் தூக்கும். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. பெரிய பிஸ்டன் 1 செ.மீ. உயரச் சிறியது 100 செ.மீ. நகர வேண்டும். அதனால்தான் ஜாக்கிக் கம்பியைப் பல தடவை மேலும் கீழும் அடிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஏறிய எண்ணெய் திரும்பி வராமல் ஒரு சிறு குண்டு வால்வு தடுத்து நிற்கிறது. கீழே உள்ள திருகைத் தளர்த்தினால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது, வண்டி இறங்குகிறது.

ஆரம்பத்தில் இந்த இயந்திரங்களில் தண்ணீரையே பயன்படுத்தினார்கள். ‘ஹைட்ராலிக்’ என்ற பெயரே தண்ணீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். தண்ணீர் துருப்பிடிக்கச் செய்யும், மசகாகவும் இராது என்பதால் பிறகு எண்ணெய்க்கு மாறினார்கள். கஷ்டப்பட்டு வெளியேற்றிய அந்தத் தண்ணீரைத்தான் கடலோரத்தில் கவனக் குறைவினால் மீண்டும் உள்ளே விட்டுவிடுகிறோம்.

பம்பு தருவது ஓட்டம். பளு தருவது அழுத்தம்

டிராக்டரிலும் லாரியிலும் கைக்குப் பதில் என்ஜின் பம்பைச் சுற்றுகிறது. பல வண்டிகளில் இருப்பது பல்சக்கரப் பம்பு. ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும் இரண்டு பல்சக்கரங்கள் ஓர் இறுக்கமான கூட்டுக்குள் இருக்கும். பற்களின் இடுக்கில் அகப்பட்ட எண்ணெய் கூட்டின் ஓரமாக மறுபக்கம் கொண்டுபோகப்படுகிறது. நடுவில் பற்கள் கோத்திருப்பதால் அது திரும்பி வர முடியாது.

பம்புதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பம்பு எண்ணெயை நகர்த்துகிறது, அவ்வளவுதான். பளு எதிர்த்து நிற்கும்போதுதான் அழுத்தம் உண்டாகிறது. காலி டிரெய்லரைத் தூக்கும்போது என்ஜின் சத்தம் மாறுவதில்லை. ஈர மண் நிறைந்த டிரெய்லரைத் தூக்கும்போது என்ஜின் முனகுவதற்கு இதுவே காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் பழுதைக் கண்டுபிடிப்பது பாதி சுலபமாகிவிடும். தூக்குகிறது, ஆனால் மெதுவாகத் தூக்குகிறது என்றால் எண்ணெய் ஓட்டம் போதவில்லை. எண்ணெய் அளவு குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம். காலித் தொட்டியைத் தூக்குகிறது, பளுவோடு தூக்கவில்லை என்றால் அழுத்தம் எங்கோ நழுவுகிறது. காலையில் நன்றாகத் தூக்கிவிட்டு மதியம் தூக்க மறுக்கும் வண்டியில் பம்பையோ சீல்களையோ சந்தேகிக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகி, தேய்ந்த இடுக்குகள் வழியே பின்னுக்குக் கசிகிறது. மெக்கானிக்கிடம் ‘ஹைட்ராலிக் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல் இந்த விவரங்களைச் சொன்னால், தேவையில்லாமல் பம்பைக் கழற்றும் செலவு மிஞ்சும்.

டிப்பர் தொட்டிக்கு அடியில் உள்ள உருளைக்குள் (சிலிண்டர்) எண்ணெய் புகுந்து தண்டை (ராம்) வெளியே தள்ளுகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள தண்டின் பரப்பு சுமார் 78½ சதுர செ.மீ. எண்ணெய் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 150 கிலோ என்றால் தள்ளும் பலம் 11,775 கிலோ, அதாவது ஏறத்தாழ 11¾ டன். கடலில் இந்த அழுத்தம் வேண்டுமென்றால் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போக வேண்டும். தண்டு 1 மீட்டர் நீள 7.85 லிட்டர் எண்ணெய் தேவை. நிமிடத்திற்கு 20 லிட்டர் தரும் பம்பு என்றால் இதற்குச் சுமார் 24 விநாடி ஆகும்.

மூன்று நான்கு டன் பளுவுக்கு 11 டன் பலம் எதற்கு என்ற கேள்வி எழலாம். தொட்டி கிடைமட்டமாக இருக்கும் தொடக்கத்தில் தண்டு சாய்வாக, கீலுக்குச் சற்று அருகிலிருந்து தள்ளுகிறது. அப்போது பலத்தின் பெரும்பகுதி வீணாகிறது. தொட்டி உயர உயர, பளு கீலுக்கு மேலே சாய்ந்து வருவதால் வேலை எளிதாகிறது. லாரி டிப்பர்களில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தண்டு இருப்பதும் இதற்குப் பொருத்தமானதே. அதில் பருமனான அடுக்கு முதலில் வெளியே வருகிறது. பளு குறைந்த பிறகு சிறிய அடுக்குகள் வருகின்றன.

டிப்பரின் தண்டை எண்ணெய் ஒரு பக்கமாக மட்டுமே தள்ளுகிறது. தொட்டி தன் எடையாலேயே இறங்குகிறது. மண் அள்ளும் இயந்திரங்களில் அப்படியில்லை. அவற்றின் கை இரு பக்கமும் பலமாக அசைய வேண்டியிருப்பதால் பிஸ்டனின் இரு புறமும் எண்ணெய் செல்லும். இந்த இயந்திரங்களைத் தமிழ்நாட்டில் ‘பொக்லைன்’ என்றும் ‘ஜேசிபி’ என்றும் அழைக்கிறார்கள். இரண்டுமே கம்பெனிப் பெயர்கள். ஒன்று பிரான்சு நாட்டுக் கம்பெனி, மற்றொன்று இங்கிலாந்துக் கம்பெனி. யார் செய்த இயந்திரமானாலும் ஊரில் பெயர் இதுதான்.

தொட்டி முழு உயரம் போனபிறகும் லிவரை விடாமல் பிடித்திருந்தால் எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழாய் வெடிக்காமலிருக்க ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. குறித்த அழுத்தம் வந்ததும் அதிலுள்ள வில்லை அமுக்கித் திறந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. அப்போது ‘கீச்’சென்று ஒரு சத்தம் கேட்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் எண்ணெய் 150 கிலோ அழுத்தத்தில் இப்படி வீணே திரும்பினால் ஏறக்குறைய 6½ குதிரைச் சக்தி முழுவதும் வெப்பமாக மாறி எண்ணெயைக் கொதிக்க வைக்கும். ஆகவே சத்தம் கேட்டதும் லிவரை விட்டுவிட வேண்டும். கூடுதல் பளு தூக்கட்டும் என்று சிலர் இந்த வால்வின் வில்லுக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குகிறார்கள். இதைப்போல் ஆபத்தான சிக்கனம் வேறில்லை. முதலில் ஓஸ் வெடிக்கும், அல்லது பம்பின் கூடு விரியும்.

கலப்பையைத் தூக்கும் மூன்று கைகள்

டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் கீழ்க் கைகள் இரண்டும் மேல் கை ஒன்றும் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசனின் யோசனையில் உருவானவை. அந்தக் காலத்து டிராக்டர்கள் கலப்பையை மாட்டு வண்டி போல இழுத்துச் சென்றன. கலப்பை பாறையில் மாட்டினால் முன் சக்கரம் எழும்பி, டிராக்டர் பின்பக்கமாக ஓட்டுநர் மீதே கவிழ்வது உண்டு. பெர்குசன் கலப்பையை டிராக்டரின் ஓர் உறுப்பு போலவே இணைத்து, அதை ஹைட்ராலிக் மூலம் கட்டுப்படுத்தும் முறைக்கு 1926ல் உரிமம் பெற்றார். இந்த முறையுடன் 1936ல் ஒரு டிராக்டரும், ஹென்றி ஃபோர்டுடன் சேர்ந்து 1939ல் மற்றொன்றும் வெளிவந்தன. 1953ல் அவர் கம்பெனி மாசி-ஹாரிஸ் கம்பெனியுடன் இணைந்தது. மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்ய 1960ல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கப்பட்டது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டராக இருந்தாலும் பின்னால் இருப்பது இந்த மூன்று கைகள்தான்.

இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு லிவர்கள் இருப்பதைக் காணலாம். ஒன்று கலப்பையை வைத்த உயரத்தில் நிறுத்தி வைப்பது. மற்றொன்று இழுவையைப் பார்த்து ஆழத்தைத் திருத்துவது. முதல் லிவரை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவதை ஒரு மூலையில் தள்ளி வைத்துவிட்டு அதைத் தொடாமலே டிராக்டரை விற்றவர்களும் உண்டு.

அதன் வேலை இதுதான். கொழு இறுகிய மண்ணைச் சந்திக்கும்போது கலப்பையின் மேல்பகுதி முன்னுக்குச் சாயப் பார்க்கிறது. அப்போது மேல் கை முன்னோக்கித் தள்ளப்பட்டு, அதன் அடியில் உள்ள ஒரு வில் அமுங்குகிறது. வில்லின் அசைவு வால்வைத் திறந்து, கலப்பையைச் சிறிது மேலே தூக்குகிறது. இழுவை குறைந்ததும் கலப்பை பழைய ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அத்துடன், கலப்பையைத் தூக்க முயலும் பலத்தினால் அதன் எடையில் ஒரு பகுதி பின் சக்கரத்தின் மேல் ஏறி, சக்கரம் வழுக்குவதும் குறைகிறது. கரிசலில் ஓரிடம் இளக்கமாகவும் ஓரிடம் கட்டிதட்டியும் இருக்கும் நிலத்தில் ஆழ உழும்போது இந்த லிவர் நன்கு உதவும், டீசலும் மிஞ்சும். விதைப்புக் கருவி, ரோட்டவேட்டர் போன்றவற்றுக்கு ஆழம் மாறக்கூடாது என்பதால் அவற்றுக்கு முதல் லிவரே சரி.

எண்ணெயை இரவல் கொடுப்பது

பல டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் ஆகியவற்றுக்கு எண்ணெய் ஒன்றே. கியர் தேய்ந்து விழும் இரும்புத் தூளும் அதே எண்ணெயில்தான் சுற்றுகிறது. டிப்பர் டிரெய்லரை மாட்டும்போது டிராக்டரின் இந்த எண்ணெய்தான் ஓஸ் வழியாக டிரெய்லரின் உருளைக்குப் போய்த் திரும்புகிறது. வாடகைக்கு எடுத்த டிரெய்லருக்குள் முன்பு மாட்டிய டிராக்டரின் எண்ணெய் மீதம் இருக்கும். அதில் தண்ணீரோ மண்ணோ இருந்தால் இறக்கும்போது அது நேராக இந்த டிராக்டரின் வயிற்றுக்குள் வந்துவிடும். சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்த்து டிரெய்லரை வாடகைக்கு எடுப்பவர்கள், அதன் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

ஓஸ் மாட்டும் முனையைத் தரையில் போட்டுவிட்டு, மணலோடு அப்படியே செருகுவதும் சாதாரணமாக நடக்கிறது. லிவருக்கு அடியில் உள்ள வால்வுக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் கனத்தில் சிறு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத தூசியே அதைக் கீறிவிடும். மணல் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாட்டும் முன் இரு முனைகளையும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். கழற்றியதும் மூடியைப் போட வேண்டும். மூடி தொலைந்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினாலும் போதும்.

இன்னொன்று. மேலே கண்ட கணக்கின்படி தொட்டி உயர்ந்து நிற்கும்போது சுமார் 8 லிட்டர் எண்ணெய் டிராக்டரை விட்டு வெளியே போயிருக்கிறது. அளவு முன்பே குறைவாக இருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். எண்ணெய் நுரைக்கும், பம்பு உறுமும், தொட்டி குலுங்கிக் குலுங்கி ஏறும். எண்ணெய் அளவைத் தொட்டியைக் கீழே இறக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். உயர்த்தி வைத்துப் பார்த்து ஊற்றிவிட்டால் இறக்கும்போது வழிந்துவிடும்.

உப்பு செய்யும் கேடு

வெளியே பளபளக்கும் ஹைட்ராலிக் தண்டின் மேல் குரோமியம் பூசியிருக்கிறது. அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண் வெடிப்புகள் இருக்கும். உப்பு நீர் அவற்றின் வழியே இறங்கி அடியில் உள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. முதலில் கடுகு முனை அளவுக்கு ஒரு புள்ளி தெரியும். பிறகு பூச்சு அந்த இடத்தில் உதிர்ந்து குழியாகிறது. குழியின் விளிம்பு கத்தி போல் இருக்கும். தண்டு ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் அது ஆயில் சீலைக் கிழிக்கிறது. எண்ணெய் வெளியே கசிவதை எல்லோரும் பார்ப்பார்கள். அதே வழியாக உப்பு நீரும் தூசியும் உள்ளே போவதை யாரும் பார்ப்பதில்லை. சீலை மட்டும் மாற்றி, குழி விழுந்த தண்டை அப்படியே விட்டால் புதுச் சீலும் சில வாரங்களில் கிழிந்துவிடும். தண்டை மறுபடி குரோமியம் பூசித் தீட்ட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

ஆகவே உப்பளத்தில் வேலை முடிந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பம்பு வைத்துப் பீய்ச்சும்போது சீல் உள்ள இடங்களிலும், எண்ணெய்த் தொட்டி மூச்சு விடும் மூடியிலும் நேராக அடிக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். இரவில் நிறுத்தும்போது தண்டுகள் உள்ளே போயிருக்கும் நிலையில் நிறுத்துவது நல்லது. மண் அள்ளும் இயந்திரத்தில் எல்லாத் தண்டையும் ஒருசேர உள்ளே இழுக்க முடியாது. வெளியே நிற்கும் தண்டின் மேல் ஹைட்ராலிக் எண்ணெயைத் துணியில் நனைத்து மெல்லியதாகப் பூசி வைக்கலாம். மறுபடி ஓட்டுமுன் படிந்த தூசியைத் துடைத்துவிட வேண்டும். ஓஸின் இரு முனைகளிலும் உள்ள இரும்புப் பிடியில் துரு உப்பியிருந்தால், ரப்பர் நன்றாக இருந்தாலும் அந்த ஓஸை மாற்றிவிட வேண்டும். ஓஸ் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கழன்று அடிக்கும்.

எண்ணெய் சூடாகும்போது தொட்டி காற்றை வெளியே விடுகிறது. குளிரும்போது உள்ளே இழுக்கிறது. கடலோரத்தில் உள்ளே போவது ஈரக் காற்று. அது இரவில் தொட்டியின் சுவரில் வியர்த்து நீராக இறங்கும். எண்ணெயைச் சரியான அளவில் வைத்திருந்தால் காற்று நிற்கும் இடம் குறையும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலத் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வைத்தால் அடியில் நீர் தங்கும். காய்ந்த தகட்டின் மேல் ஓரிரு சொட்டு விட்டும் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். எட்ட நின்று செய்ய வேண்டும். தண்ணீர் சேர்ந்த எண்ணெயை வடிகட்டி மறுபடி ஊற்றுவதில் பயனில்லை. முழுவதையும் வடித்து, ஃபில்டரையும் மாற்றி, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும். அதில் சொன்ன மணிக் கணக்கு வரும்வரை காத்திராமல், ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்ததும் ஒருமுறை சோதிப்பது கடலோர வண்டிகளுக்கு அவசியம்.

உயிரைக் காக்க

மேலே நிற்கும் தொட்டியைத் தாங்குவது ஒரு ரப்பர் வளையமும், ஓர் ஓஸும், ஒரு லிவரும்தான். மூன்றில் எது விட்டாலும் தொட்டி விநாடியில் விழுந்துவிடும். கீழே கிரீஸ் வைக்கவும், ஒட்டிய மண்ணைச் சுரண்டவும், ஓஸை இறுக்கவும் ஆள் நுழைகிறார். தெரியாமல் ஒரு பையன் லிவரைத் தொடுகிறான், அல்லது இறுக்கப்போன ஓஸ் கழன்றுவிடுகிறது. இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தொட்டியைக் காலி செய்து, உறுதியான இரும்பு முட்டுக் கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கி முட்டு ஆகாது. அதுவும் எண்ணெயை நம்பி நிற்பதுதான். தூக்கிய கலப்பைக்கு அடியில் கொழு மாற்றும்போதும் இதே விதிதான். ஓஸைக் கழற்ற வேண்டுமென்றால் தொட்டியைக் கீழே இறக்கி, என்ஜினை நிறுத்தி, லிவரை இரு பக்கமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும்.

எண்ணெய் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்ப்பது அடுத்த ஆபத்து. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் அதிகம் இராது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ‘அழுத்தத்தில் இருந்த எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது’ என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சில மணி நேரம் தாமதித்தாலும் விரலையோ கையையோ எடுக்க நேரலாம். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைக் காட்டினால் போதும்.

உப்பள வரப்பு உறுதியான தரையன்று. ஒரு பக்கச் சக்கரம் புதைந்த நிலையில் தொட்டியை உயர்த்தினால் பளு ஒரு பக்கம் சாய்ந்து டிரெய்லர் கவிழும். ஈர உப்பும் களிமண்ணும் தொட்டியில் ஒட்டிக்கொண்டு சரியாமல் நிற்கும்போது இந்த ஆபத்து அதிகம். அப்போது வண்டியை முன்னும் பின்னும் உலுக்கிக் கொட்டப் பார்க்காமல், இறக்கிவிட்டு மண்வெட்டியால் இளக்க வேண்டும்.

மின்கம்பிக்கு அடியில் தொட்டியை உயர்த்தவே கூடாது. தவறி மின்கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தும்வரை மற்றவர்கள் கிட்டே போகக்கூடாது. வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு காலையும் சேர்த்து எட்டக் குதிக்க வேண்டும்.

மீனும் உப்பும் ஏற்றும் சிறு வேன்கள்

பெரிய லாரிகளில் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. சிறு வேன்களிலும் கார்களிலும் அது ஹைட்ராலிக். மிதிக்கும் பலம் திரவத்தின் வழியே நான்கு சக்கரத்துக்கும் போகிறது. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீர் அடியில் உள்ள மெல்லிய இரும்புக் குழாயின் மேல் விழுந்துகொண்டே இருந்தால், குழாய் அரித்து, அவசரமாக அழுத்தி மிதிக்கும் நாளில் உடையும். வண்டியைச் சர்வீசுக்கு விடும்போது இந்தக் குழாயை முழு நீளத்துக்கும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிரேக் திரவம் எண்ணெய் அன்று. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ‘டாட் 3’ வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்தால் இது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி ‘பொசுக்’கென்று உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு அதில் ஹைட்ராலிக் எண்ணெயையோ என்ஜின் ஆயிலையோ ஊற்றக் கூடாது. ரப்பர் உறுப்புகள் ஊதி, பிரேக் பிடித்துக்கொள்ளும் அல்லது பிடிக்காமலே போகும்.

விதைப்புக்கு முன் ஒரு சோதனை

ஆவணிக் கடைசியில் கலப்பையை மாட்டி, முழு உயரத்துக்குத் தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒரு கம்பை நட்டுக் கலப்பையின் உயரத்தைக் குறித்து வைக்க வேண்டும். அடியில் யாரும் போகக் கூடாது. பல மணி நேரத்தில் சிறிது இறங்கினால் கவலையில்லை. சில நிமிடங்களிலேயே தரைக்கு வந்துவிட்டால் உள்ளே பிஸ்டன் வளையமோ வால்வோ கசிகிறது. என்ஜின் ஓடும்போது, லிவரைத் தொடாமலே கலப்பை சில விநாடிக்கொரு தடவை தலையாட்டுவது போல ஏறி இறங்கினாலும் காரணம் இதுவே. கசிந்து இறங்குவதை வால்வு மறுபடி மறுபடி தூக்கிச் சரிசெய்து கொண்டிருக்கிறது. இந்த நிலையில் வண்டி இன்னும் உழும். ஆனால் எண்ணெய் சூடேறி, முதல் மழை ஈரத்தில் எல்லா மெக்கானிக்குகளும் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் நிற்கும். ஆவணியிலேயே பிரித்துப் பார்த்தால் ஓர் ஓ-ரிங்கும் அரை நாள் கூலியும் போதுமானதாக இருக்கலாம்.